மூணாவது விளக்கு

ஏங்க, மூணு விளக்கும் எரிந்த பிறகுதான் ரிசீவரைத் தொடணும் என்று அத்தனை தடவை சொல்லிவிட்டுப் போனீங்களே, மூணாவது விளக்கு எரியவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்யட்டும்? இன்டர்நெட் வழியாகப் போன் பேச வைக்கிற இந்தச் சின்ன டப்பாவில் ரெண்டுதான் எரிகிறது. முதல் விளக்கு கரண்டுக்கு, ரெண்டாவது இன்டர்நெட்டுக்கு, மூணாவதுதான் போனுக்கு என்று ஒரு காலில் பூட்சை மாட்டிக்கொண்டு இன்னொரு பூட்சைத் தேடிக்கொண்டே சொன்னீங்க. "அது எரியுற வரைக்கும் டப்பா உள்ளுக்குள்ள என்னத்தையோ எறக்கிக்கிட்டு இருக்கும் புள்ள. அவசரப்பட்டு ரிசீவர எடுக்காத, வயர ஆட்டாத. நடுவுல கெடுத்தமுன்னா டப்பா செத்துப்போயிரும்." விடிந்ததும் விடியாததுமாக இந்த மனுசனுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களே மாட்டித் தருவதாகத்தான் பேச்சு, அன்றைக்கும் பட்டறையில் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொரு ஞாயிறு வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது, நானே மாட்டுகிறேன் என்றதற்குச் சிரித்தீங்க. மைக் செட்டுக்காரர் மகளைப் பார்த்து வயர் விஷயத்தில் சிரிக்கலாமா? எங்கப்பா கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எல்லா வயரையும் மாட்டி முடித்து, ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, கரண்டைக் கடைசியில் கொடுக்கணும். அது பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கும் ஒன்றுதான், பனி கொட்டுகிற கனடாவுக்கும் ஒன்றுதான். துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னால் இருக்கிற ரவுட்டரிலிருந்து நீல வயரை இழுத்து வந்து டப்பாவில் மாட்டினேன். வயிறு இடித்ததால் குனிய முடியவில்லை, அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து மாட்டினேன். பழைய சாமான் கடையில் நீங்க வாங்கி வந்த அந்த வெண்ணெய் நிறத்துப் போனின் வயரை அடுத்த துளையில் செருகினேன், டக்கென்று ஒரு சத்தம் வந்தது, நல்ல சத்தம். புதுச் சாமானாச்சே என்று மிக்சிக்கு வைத்த மாதிரி, சோறு வடிக்கிற குக்கருக்கு வைத்த மாதிரி, சந்தனம் குழைத்து முகப்பில் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்து, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கரண்டைக் கொடுத்தேன். ஒன்றிலும் குறை இல்லை. ஆனாலும் ரெண்டுதான் எரிகிறது.

ஆதிரை மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னமோ வரைந்துகொண்டிருக்கிறாள். குளிர் அதிகம் என்று பள்ளிக்கூட பஸ் வரவில்லை. தரைக்குக் கீழே இருக்கிற இந்த வீட்டில் சன்னல் உத்தரத்தை ஒட்டித்தானே இருக்கிறது, அது பாதிக்கு மேல் பனியில் மூடிக் கிடக்கிறது. மேலே வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து மெக்சிகோவுக்குப் போய்விட்டார்கள். தலைக்கு மேலே நடக்கிற சத்தம்கூட இல்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தத்தைத் திட்டுவேன், இப்போது ஒரு நாற்காலியை இழுத்தால்கூடத் தேவலை போலிருக்கிறது. என் செல்போன் இதோ மடியில்தான் இருக்கிறது, படிக்கட்டு சன்னலுக்கு அடியில் போய் நின்றால்தான் அதில் சிக்னல் வரும். அதுவும் என் விரலுக்குத்தான் திறக்கும். அவளுக்கு அதில் தெரிந்ததெல்லாம் பொம்மைப் படம் மட்டும்தான். அவளுக்கு என்று ஒரு போன் வேண்டும், எடுத்தால் உடனே சத்தம் வரணும், அழுத்துவதற்குப் பெரிய பொத்தான் இருக்கணும் என்று நான்தான் சொன்னேன். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் தேடிக் கொண்டுவந்து, மேலே இருக்கிற ரெண்டு பொத்தானில் நம்பரைப் பதிந்து, சிவப்பு ஒட்டு ஆம்புலன்சுக்கு, பச்சை ஒட்டு அப்பாவின் பட்டறைக்கு என்று ஒட்டி வைத்தீங்க. பட்டறையில் உங்கள் செல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வெல்டிங்குக்குப் போக வேண்டும், அதனால் ஆபீஸ் நம்பர். அங்கே மார்த்தா என்று ஒரு அம்மா எடுப்பார்கள், உங்களைப் போய்க் கூட்டி வருவார்கள். அந்த மார்த்தா எப்படிப்பட்டவரோ, நடந்து போவாரோ ஓடிப் போவாரோ. சரி, விளக்கைப் பார். எரியவில்லை.

சர்க்கரைக்குப் போடுகிற ஊசி மேசை மேலே இருக்கிறது. பக்கத்தில் தட்டில் ரெண்டு சப்பாத்தியும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். ஊசி போட்டால் உடனே சாப்பிடணும், அவ்வளவுதான் கணக்கு, இதில் ஒன்றும் வித்தை இல்லை. நான் மயங்கி விழுந்த அன்றைக்கும் ஊசி போட்டேன். போட்டுவிட்டு, இவளுக்கு ஒரு தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு உட்காரலாம் என்று நினைத்தேன். ஒரு தோசை ரெண்டானது. ரெண்டாவதில் ஓரம் கருகிவிட்டது வேண்டாம் என்றாள், மூணாவது ஊற்றினேன். பிள்ளை தட்டில் கை வைக்காமல் என் கை என் வாய்க்குப் போனதே இல்லை, நர்சு திட்டினாள், திட்டட்டும், அவளுக்கு என்ன தெரியும் என்று அப்போது நினைத்தேன். அடுப்பை அணைத்தது நினைவிருக்கிறது. அணைத்தேனே, அது ஒரு புண்ணியம். கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்தது, தோசைக்கல் தூரத்தில் போனது, அப்புறம் தரை. குளிர்ந்த தரை கன்னத்தில் பட்டது நன்றாகத்தான் இருந்தது, அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது. கண் விழித்தபோது என் மேலே போர்வை கிடந்தது. அவளுடைய யானை போட்ட சின்னப் போர்வை, என் தோளுக்கும் இடுப்புக்கும்தான் எட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். "அம்மா நீ தூங்கிட்ட, நான் சத்தமே போடல" என்றாள், ஏதோ பரிசு கொடுப்பேன் என்கிற மாதிரி. தவழ்ந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஆரஞ்சு ஜூசைக் குடித்தேன், டப்பாவோடு அப்படியே. வயிற்றுக்குள் இருக்கிறவன் (அவனோ அவளோ, நான் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்) எட்டி உதைத்தான், உதைக்கிற வரைக்கும் நான் அழவில்லை. டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார், இனி ஒன்றும் ஆகாது என்றார். ஆகாதுதான். ஆனால் போன மாதத்திலிருந்து இவளுக்குப் பக்கவாட்டுக் கதவைத் திறக்கத் தெரிந்துவிட்டதே. ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேல் தாழ்ப்பாளை ரெண்டு கையாலும் தள்ளி. அன்றைக்கு நான் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால், தோசை தீர்ந்திருந்தால், யாரையாவது கூட்டி வரலாம் என்று இவளுக்குத் தோன்றியிருந்தால், அந்தக் கவுனோடு, வெறுங்காலோடு, இந்தக் குளிரில், தெருவில் ஒரு ஆள் நடக்காத இந்த ஊரில். என் நினைப்பு ஒவ்வொரு தடவையும் அந்தத் தாழ்ப்பாள் வரைக்கும் போகிறது, அவள் கையைத் தாழ்ப்பாள் மேல் வைக்கிறது, அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு அடி வைக்க விடமாட்டேன். அதனால்தான் இந்த விளக்கு எரியாமல் நான் ஊசியைத் தொடுவதாக இல்லை. பசிக்கிறது, பசிக்கட்டும். அடே உள்ளே இருக்கிறவனே, உனக்கும் பசிக்கும், உங்கப்பா சொன்ன மூணாவது விளக்கைக் கொஞ்சம் வேண்டிக்கொள்.

இந்த டப்பாவுக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாதாம். நீங்கதான் சொன்னீங்க. இதைத் தூக்கிக்கொண்டு போய் நம்ம ஊரில் மாட்டினாலும் இதே நம்பரில்தான் மணி அடிக்கும், அதனால் விலாசத்தை நாமே நெட்டில் எழுதிப் பதியணும், பேஸ்மென்ட் என்பதையும் பக்கவாட்டுக் கதவு என்பதையும் எழுதினால்தான் ஆம்புலன்சுக்காரன் மேல் வீட்டு மணியை அடித்துக்கொண்டு நிற்கமாட்டான் என்று. எனக்கு இந்த டப்பாவை அப்போதே பிடித்துவிட்டது. நானும் வந்த புதிதில் அப்படித்தானே இருந்தேன், எந்தத் திசையில் கடை, எந்தத் திசையில் கிழக்கு, ஒன்றும் தெரியாமல், மாட்டின இடத்தில் மணி அடித்துக்கொண்டு. ஆதிரைக்கு விலாசத்தைப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிட்டேன். குளிக்கும்போது பாடுகிறாள், தலை வாரும்போது பாடுகிறாள், நேற்று கீரை ஆய்ந்துகொண்டே நானும் பாடிக்கொண்டிருந்தேன். கரண்டு போனால் இந்தப் போனும் போய்விடும், அது தெரியும், அதற்கு என்ன செய்வது என்று நீங்க சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே கரண்டு அடிக்கடி போவதில்லை. போகாது. விளக்கைப் பார். ரெண்டு. ஒருவேளை நான் மாட்டின துளை தப்போ, பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு துளை இருக்கிறதே, ஆனால் வயரை ஆட்டாதே என்று சொல்லிவிட்டீங்க. செத்துப்போயிரும் என்று சொல்லிவிட்டீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து இந்தக் கூடை மேல் உட்கார்ந்திருக்கிறேன், அடை காக்கிற கோழி மாதிரி.

"அம்மா, பொட்டு எரியுது" என்றாள் ஆதிரை. நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "எரியலடி, எனக்கு ஒன்னும் எரியல." "ஒன் பொட்டு இல்ல. டப்பாப் பொட்டு." மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து டப்பாவுக்கு நேராகத் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். நானும் கூடையிலிருந்து இறங்கி, முழங்காலை ஊன்றி, வயிற்றை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக் குனிந்து பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓரத்தில் லேசாக விரிந்திருந்தது. அந்த விரிசலில் ஒரு மயிரிழை பச்சை. நகத்தால் சுரண்டினேன், குங்குமம் உதிர்ந்தது, சந்தனம் சில்லாகப் பெயர்ந்தது, அதற்கு அடியில், ஐயோ ஏங்க, அதற்கு அடியில் மூணாவது விளக்கு நிமிர்ந்து எரிந்துகொண்டிருக்கிறது. எப்போதிருந்து எரிகிறதோ யாருக்குத் தெரியும். மிக்சியில் விளக்கு இல்லை, குக்கரில் ஒன்றுதான், அதுவும் கீழே இருக்கும், அதனால் இத்தனை நாள் தப்பித்தேன். நடுவாகத்தானே வைக்கணும் என்று பார்த்துப் பார்த்து, எரியாதபோது கண்ணுக்கே தெரியாத அந்த விளக்கின் மேலேயே வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது பாருங்க, அடி வயிறு இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் சிரித்தேன், நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவளும் சிரித்தாள், உள்ளே இருக்கிறவனும் ஒரு குட்டிக்கரணம் போட்டான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஒரே சீராக ஒரு சத்தம், நாயனக்காரருக்குப் பின்னால் சுருதிப் பெட்டி போடுமே, அந்த மாதிரி, மூச்சு விடாமல். அவள் காதில் வைத்தேன். கண்ணை அகல விரித்து, "யாரும்மா பாடுறா?" என்றாள்.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எங்கப்பா மைக்கை மாட்டிவிட்டு, கூட்டம் வருவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசிப் பார்க்காமல் கீழே இறங்கமாட்டார். ரிசீவரை அவள் கையில் கொடுத்து, பொத்தானை நிஜமாக அழுத்தக்கூடாது, அழுத்துகிற மாதிரி காட்டணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, நான் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். விழுந்து கிடக்கிறவளும் நான்தான், ஆம்புலன்சு ஆபீசில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவளும் நான்தான். "ஹலோ, சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "எங்கம்மா தூங்குறாங்க, எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க." அப்படியே நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. "ஒங்க வீடு எங்க இருக்கு?" பாட்டு முழுக்கப் பாடினாள், தெரு, நம்பர், பேஸ்மென்ட், பக்கவாட்டுக் கதவு, கடைசியில் ஒரு லாலா வேறு. "சமத்து. ஒங்க பேரு என்ன?" "ஆதிரை பாண்டித்துரை." "அம்மா பேரு?" ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றாள். "அது நீ கூப்பிடுறது. அம்மாவுக்குன்னு ஒரு பேரு இருக்குமுல்ல?" யோசித்தாள், நெற்றியைச் சுருக்கி, உங்களை மாதிரியே. "ஏ புள்ள." "சரி, அப்பா பேரு?" இதற்கு யோசிக்கவே இல்லை. "ஏங்க." விழுந்து கிடக்கிறவள் சிரிக்கக்கூடாது, சிரித்துவிட்டேன். "அடியே, பாண்டித்துரைங்கிறது யாருடி?" "அது நான். என் பேரோட கடைசி." சிரித்து முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தரையின் குளிர் கன்னத்துக்குள் ஏறியது. நர்சு அன்றைக்கு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாளே, தோளைத் தட்டிப் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடணும், கண்ணைத் திறக்கிறாளா என்று பார்க்கணும் என்று. நீங்க தலையை ஆட்டினீங்க. நானும் ஆட்டினேன். எந்தப் பேரை என்று ரெண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை.

தவமணி. என் பேருதான். மனதுக்குள் சொன்னாலே யாரோ மூணாம் மனுசியைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. எங்கப்பாவின் அம்மா பேரை எனக்கு வைத்தார்கள், வைத்த அன்றோடு சரி. மாமியார் பேரை எங்கம்மா எப்படிச் சொல்வாள், ஆத்தா என்றாள். பெத்தவள் பேர் சொல்லிப் பிள்ளையை எப்படித் திட்டுவது என்று அப்பாவும் ஆத்தா என்றார். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அது என் பேராக இருந்தது, வருகைப் பதிவு எடுக்கும்போது, "தவமணி" என்றால் எங்கே பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாலும் முதுகு தானாக நிமிரும், "உள்ளேன் ஐயா". கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். நீங்க வந்து "ஏ புள்ள" என்றீங்க, அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, இப்பவும் பிடிக்கிறது, அதில் குறை இல்லை. உங்கள் பேரை நானும் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன். எழுந்து உட்கார்ந்து அவளிடம் சொன்னேன், "பாப்பா, அம்மா பேரு தவமணி." "நீ சும்மா சொல்ற" என்றாள். "நெசமாடி." "அப்பா அப்படிச் சொல்ல மாட்டாங்கல்ல." அவளுக்கு அதுதான் சாட்சி, நீங்க சொன்னால்தான் அது பேரு. சொல்லு பார்ப்போம் என்றேன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள், வேறு யாருடைய சட்டையையோ போடச் சொன்ன மாதிரி.

அப்புறம்தான் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன், நிஜமாகவே. அழுத்தினாள். தூரத்தில் மணி அடித்தது, நானும் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன், யாரோ எடுத்தார்கள், கனமான குரல், மார்த்தாவாகத்தான் இருக்கணும். "எனக்கு எங்கப்பா வேணும்" என்று ஆதிரை இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார்கள், "அப்பா பேரு என்ன கண்ணு?" அவள் என்னைப் பார்த்தாள். நான் ரிசீவரை வாங்கினேன். அங்கே வெல்டிங் வேலை பார்க்கிற ஆம்பளைகள் அத்தனை பேர், என் வீட்டுக்காரர் என்றால் எந்த வீட்டுக்காரர்? மன்னிச்சுக்குங்க, சொல்லிவிட்டேன். "பாண்டித்துரை" என்றேன், அந்தக் குக்கருக்கும் டப்பாவுக்கும்கூடக் கேட்கிற மாதிரி, சத்தமாக. ஆதிரை துள்ளி எழுந்தாள். "அம்மா! அது என் பேரு!" அங்கே மார்த்தா ரிசீவரை வைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. ஓடித்தான் போனார்கள் ஏங்க, தடதடவென்று ஓடிப் போனார்கள், நல்ல மனுசி. நீங்களும் ஓடித்தான் வந்தீங்க, மூச்சு உங்கள் குரலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"புள்ள, என்னாச்சு? விழுந்துட்டியா? பாப்பா எங்க?"

"ஒன்னும் ஆகல. விழல. டெஸ்டிங்கு."

"என்னது?"

"மூணாவது வெளக்கு எரிஞ்சிருச்சுங்க. பாப்பாதான் கண்டுபிடிச்சா, அவதான் ஒங்களுக்கு அடிச்சா."

"அடி பாவி." அப்புறம் ஒரு பெருமூச்சு, அதற்குப் பின்னால் இரும்பு விழுகிற சத்தம். "உசுரே போயிருச்சு புள்ள. மார்த்தா என் பேரக் கத்திக்கிட்டு ஓடியாருது. சாப்ட்டியா?"

"ஊசி போடல இன்னும். போனு வந்தாத்தான் போடுவேன்னு வச்சிருந்தேன். இப்பப் போட்டுட்டு, தட்டுல கை வச்சுட்டுத்தான் இவளப் பாப்பேன், போதுமா?"

"போதும். வைக்கட்டா?"

"வைக்காதீங்க." ஆதிரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரோ என்னவோ சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்த மாதிரி. "ஏங்க, அன்னிக்கு நான் கெடந்தப்ப இவ மொதல்ல அம்மா அம்மான்னு கூப்பிட்டிருக்கா, அப்புறந்தான் சத்தம் போடாம உக்காந்திருக்கா. எனக்குக் கேட்டுச்சு. ஒங்ககிட்டச் சொல்லல நான். எங்கியோ கேட்டுச்சு, எப்பவும் கேக்குற சத்தந்தானேன்னு கெடந்தேன். திரும்பணும்னே தோணல. இவளுக்கு என் பேரு தெரியணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா, நீங்க சொன்னாத்தான் பேருங்குறா."

அந்தப் பக்கம் நீங்க சிரிக்கிறீங்களா, கூச்சப்படுகிறீங்களா, சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்களா, தெரியவில்லை. காது சூடாகிறது, எனக்கு.

"ரிசீவரப் பாப்பா காதுல வைக்கிறேன். வெக்கப்படாதீங்க, அங்க யாருக்கும் தமிழ் தெரியாது. ஒரே ஒரு தடவ, நான் தூரத்துல எங்கியோ போயிக்கிட்டு இருக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு, என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க."